பழைய மெர்சிடிஸ் எஸ்எல் (ஆர்129): நீங்களே பராமரிக்க, பழுது பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1989 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆர்129 (கூரை மடங்கும் எஸ்எல் கார்களில் ஒரு தலைமுறையின் குறியீடு), 2001 வரை தயாரிப்பில் இருந்தது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இன்று இருபது வயது தாண்டிவிட்டது. இந்த வண்டியில் இரும்பு சுலபத்தில் தேயாது. தேய்வதும் உடைவதும் ரப்பர், பிளாஸ்டிக், வயரின் மேலுறை, ஹைட்ராலிக் சீல் ஆகியவைதான். இவை ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கும். அதனால் 60,000 கி.மீ. மட்டும் ஓடி மீதிக் காலம் கொட்டகையில் நின்ற வண்டி, 2,00,000 கி.மீ. ஒழுங்காக ஓடிய வண்டியைவிட அதிகம் வேலை வைக்கும். வாங்கும்போது ஓடோமீட்டரை மட்டும் பார்த்து மயங்கியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

வேலைகளை ஒரு வரிசையில் செய்தால் பணமும் நேரமும் மிச்சம். முதலில் தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்துங்கள். அடுத்தது பேட்டரியும் வயரிங்கும். பிறகு டாப்பின் (மடங்கும் துணிக்கூரை) ஹைட்ராலிக், அதாவது அதை ஆயில் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு, அதன் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ். பெயின்ட், லெதர், ரிம் எல்லாம் கடைசி. நல்ல வோல்டேஜ் இல்லாத வண்டியில் டாப்பைச் சோதிப்பது வீண் வேலை. தண்ணீர் ஒழுகும் வண்டியில் புது மேட் போடுவதும் அப்படித்தான்.

உங்களிடம் இருப்பது எந்த எஸ்எல்?

ஒரே உடம்புக்குள் பல எஞ்சின்கள் வந்திருக்கின்றன. ஆரம்பத்தில் வந்தவை 300எஸ்எல் (எஞ்சின் குறியீடு எம்103, ஆறு சிலிண்டர், 12 வால்வ்), 300எஸ்எல்-24 (எம்104), 500எஸ்எல் (எம்119, வி8). பிறகு எம்120 வி12 எஞ்சினுடன் 600எஸ்எல் சேர்ந்தது. 1993-ல் பெயர் முறை மாறி எஸ்எல்280, எஸ்எல்320, எஸ்எல்500, எஸ்எல்600 ஆனது. 1998-ல் ஆறு சிலிண்டருக்கு எம்112, வி8-க்கு எம்113 வந்தன. பாகம் வாங்கும்போது ‘எஸ்எல்500’ என்று சொன்னால் போதாது. எம்119-ஆ எம்113-ஆ என்று தெரியாமல் வாங்கினால் வால்வ் கவர் கேஸ்கெட்கூடச் சேராது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே வாங்குங்கள்.

வி12-ஐப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு எஞ்சின் கணினி, இரண்டு த்ராட்டில் ஆக்சுவேட்டர் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மின் பாகம்), கையே நுழையாத பானட். கற்றுக்கொள்ள ஏற்ற வண்டி எஸ்எல்320 அல்லது எஸ்எல்500தான்.

கருவிகள்

சாதாரண சாக்கெட் செட்டுடன் இரண்டு டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) அவசியம். ஒன்று 2 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை, மற்றது 20 முதல் 200 வரை. பெரிய ரெஞ்சை வைத்துச் சின்ன அலுமினிய போல்ட்டை முறுக்கினால் மரை போய்விடும். எம்112, எம்113 எஞ்சின்களுக்கு வெளிப்புற டார்க்ஸ் சாக்கெட்டும் (நட்சத்திரத் தலை போல்ட்டுக்கானது) வேண்டும். மல்டிமீட்டர், நல்ல ஜாக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்ட், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

சக்கர போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர். மாட்டியபின் 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

தண்ணீர்

டாப் மடங்கி உட்காரும் அறையின் இரு ஓரங்களிலும் வடிகால் துளைகள் உண்டு. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்திலும் உண்டு. இலை, தூசி, துணியிலிருந்து உதிரும் நூல் எல்லாம் சேர்ந்து இவற்றை அடைத்துவிடும். அப்போது தண்ணீர் டிக்கிக்கோ சீட்டுக்கு அடியிலோ போகும். மேட் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும், அடியிலுள்ள ஸ்பாஞ்ச் பல வாரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கையை அடியில் விட்டு அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

சுத்தம் செய்ய மொழுமொழு முனை கொண்ட தடித்த நைலான் நரம்பு போதும். மெதுவாக விட்டு, சுற்றி, இழுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி அது வண்டிக்கு அடியில் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஊற்றியது வெளியே வராவிட்டால் வேறெங்கோ தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரசர் காற்று அடிக்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் அதை மறுபடி மாட்டப் பாதி உள்ளலங்காரத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பேட்டரியும் கரண்டும்

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருப்பது நல்லது. 12.2-க்குக் கீழே போனாலே டாப் பாதியில் நிற்கும், சென்ட்ரல் லாக் வம்பு செய்யும், தேவையில்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும். டாப் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பேட்டரி எந்த வருடத்தது என்பதே.

வண்டி நிற்கும்போது கரண்ட் கசிகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தால் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு.

உங்கள் வண்டியில் பழைய பீங்கான் பியூஸ்கள் இருந்தால், அவற்றைத் தூக்கிப் போட்டு முழு செட்டையும் புதிதாக மாற்றுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முனையும் கிளிப்பும் தொடும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அங்கே வோல்டேஜ் விழும்.

மட்கிப்போகும் வயர்

1990-களின் நடுப்பகுதியில், குறிப்பாக 1993 முதல் 1995 வரை வந்த எம்104, எம்119, எம்120 எஞ்சின்களின் வயரிங் ஹார்னஸில் (எஞ்சினுக்குப் போகும் வயர்க் கட்டு) ஒரு பிறவிக் குறை இருக்கிறது. வயரின் உறைக்குப் பயன்படுத்திய பொருள் எஞ்சின் சூட்டில் காய்ந்து பிஸ்கெட் போல உதிரும். செம்புக் கம்பி வெளியே தெரிந்து ஒன்றோடொன்று உரசினால் எஞ்சின் கணினியே போகலாம்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஆறியபின் கூலண்ட் வெப்பநிலை சென்சாருக்குப் போகும் வயரின் வெளிக்குழாயை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, உள்ளே உள்ள வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல வயர் வளையும். கெட்டது விரிசல் விட்டு விரலில் துகளாக ஒட்டும். ஒட்டினால் அதற்கு மேல் தொடாதீர்கள். வண்டியை ஓட்டவும் வேண்டாம். ஹார்னஸில் தயாரிப்புத் தேதி அச்சிட்ட ஒரு சீட்டு இருக்கும். அது 1996-க்குப் பிந்தியது என்றால் யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள்.

டேப் சுற்றிச் சமாளிப்பது சில மாதத்துக்குக்கூடத் தாங்காது, ஏனென்றால் உறை முழு நீளத்திலும் கெட்டிருக்கும். புது ஹார்னஸ் போடுவதே சரி. அதே காலத்து த்ராட்டில் ஆக்சுவேட்டருக்கு உள்ளேயும் இதே வயர்தான். ஹார்னஸை மட்டும் மாற்றி ஆக்சுவேட்டரை விட்டவர்களுக்கு, ஐடிலிங் ஏறி இறங்கும் தொல்லை ஒரு வருடத்தில் திரும்ப வரும்.

டாப்பின் ஹைட்ராலிக்

இந்த வண்டியின் உயிரும் தலைவலியும் இதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடிகள் இறங்கும், முன் பூட்டு விடுபடும், டாப்பின் பின் வளைவு எழும், டாப் அறையின் மூடி திறக்கும், டாப் மடங்கி உள்ளே போகும், மூடி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அடியும் முடிந்ததா என்று ஒரு லிமிட் சுவிட்ச் சொன்னால்தான் கணினி அடுத்ததற்குப் போகும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

பம்ப் சத்தமே இல்லையா? வோல்டேஜ், பியூஸ், பொத்தான், அல்லது தொடக்க நிலையைச் சொல்லும் சுவிட்ச். பம்ப் ஓடுகிறது, எதுவும் நகரவில்லையா? ஆயில் குறைந்திருக்கும், அல்லது ஒரு சிலிண்டருக்குள்ளேயே சீல் தாண்டி ஆயில் ஓடுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? அந்த அடியின் லிமிட் சுவிட்ச், அல்லது அதற்குப் போகும் வயர். மடங்கும் இடத்தில் வயர் ஆயிரம் முறை வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஆயிலுக்கு மெர்சிடிஸ் 343.0 தரத்தில் உள்ளதை மட்டுமே ஊற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலோ பிரேக் ஆயிலோ ஊற்றிய வண்டிகளில் எல்லா சீலும் ஊதிப்போய், எல்லா சிலிண்டரையும் பிரிக்க வேண்டி வந்திருக்கிறது. தொட்டியின் அளவு டாப் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் கைப்புத்தகத்தில் சொன்ன நிலையில் வைத்தே பாருங்கள்.

முதலில் ஒழுகுவது பெரும்பாலும் முன் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் இரண்டு பூட்டு சிலிண்டர்கள்தான். சன் வைசர் மேலேயும் ஓட்டுநர் தலையிலும் எண்ணெய்ச் சொட்டு விழும். வெயிலில் சூடேறும் இடம் அது. உள்ளே உள்ள பாலியூரித்தேன் சீல் வருடங்கள் போகப் போகக் கோந்து போல இளகிவிடும். பிரித்துப் பார்த்தால் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். பேனாக்கத்தி முனையில் இழுத்தால் தேன் போல நூலாக வரும். ஒன்று இப்படி ஆகிவிட்டால் மற்றவையும் அதே வயதுதான். அதனால் ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல ரப்பரில் செய்த முழு சீல் செட் வாங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வதே புத்திசாலித்தனம்.

சிலிண்டரைப் பிரித்து சீல் மாற்றும் முறை:

1. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டாப்போ மூடியோ தூக்கிய நிலையில் இருந்தால் கட்டையால் முட்டுக் கொடுங்கள். சிலிண்டரைக் கழற்றியதும் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

2. இந்த அமைப்பில் 100 பாருக்கு மேல் அழுத்தம் வரும். இணைப்பைத் திறக்கும்போது பழைய துணியைச் சுற்றிப் பிடித்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள்.

3. ஒவ்வொரு குழாயிலும் எண் எழுதிய டேப் ஒட்டி, போட்டோ எடுத்தபின் கழற்றுங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு குழாய். மாற்றி மாட்டினால் திறக்க வேண்டியது மூடும், ஏதாவது வளையும். திறந்த முனைகளை உடனே மூடிவிடுங்கள். தூசிதான் இங்கே பெரிய எதிரி.

4. சிலிண்டரின் பூட்டு வளையத்தை எடுத்து, மூடியோடு கம்பியை வெளியே இழுங்கள். பழைய சீலின் பிசுபிசுப்பை மரக்குச்சியால் எடுங்கள், உலோகத்தால் சுரண்டாதீர்கள். கம்பியில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். அந்தச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.

5. எல்லாப் பாகத்தையும் அதே 343.0 ஆயிலில் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். புது சீலில் குழிந்த பக்கம் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பிப் போடுவதுதான் முதல் முறை செய்கிறவர்கள் அதிகம் செய்யும் தவறு.

6. மாட்டியபின் தொட்டியை நிரப்பி டாப்பை ஐந்தாறு முறை முழுதாகத் திறந்து மூடுங்கள். காற்று தானாகத் தொட்டிக்குப் போய்விடும். முதல் இரண்டு முறை டாப் துள்ளித் துள்ளி நகர்வது இயல்பு. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஆயில் பாருங்கள், இரண்டு முறைக்கு ஒரு தடவை பம்ப் மோட்டாரை ஆறவிடுங்கள்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள ரோல் பாரைப் பற்றி எச்சரிக்கை தேவை. விபத்தை உணர்ந்தால் ஸ்பிரிங் விசையில் 0.3 விநாடியில் எழும்பும். அதன் வழியில் தலையையோ கையையோ வைத்து வேலை செய்யாதீர்கள். சீட் பெல்ட் சீட்டோடு சேர்ந்தது என்பதால் சீட்டைக் கழற்றும் முன்பும் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள்.

எஞ்சின்

எம்119-இல் ஐடிலிங்கில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் பலரும் ஹைட்ராலிக் டேப்பட்டைக் குறை சொல்வார்கள். அதற்கு முன் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகளைப் பாருங்கள். சூட்டில் காய்ந்து உடையும். உடைந்த இடத்தில் ஆயில் வழிந்துவிட, கேம் முனைகள் வறண்டு தேயும். சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான், விட்டுவைத்தால் கேம் ஷாஃப்ட் செலவு.

ஆறிய எஞ்சினில் வால்வ் கவரை எடுங்கள். டைமிங் செயின் இறங்கும் பள்ளத்தில் துணியை அடைத்துவிடுங்கள். உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் தேடி எடுப்பது நரக வேலை. பழைய இணைப்புகள் கழற்றும்போதே நொறுங்கும். அதனால் முழு செட், வால்வ் கவர் கேஸ்கெட், பிளக் குழிகளின் சீல் எல்லாம் கையில் இருந்தால்தான் கவரைத் திறக்க வேண்டும். புது இணைப்பை ஆயில் தடவி நேராக அழுத்துங்கள், குழாயை நெம்பாதீர்கள். கவர் திறந்திருக்கும்போதே செயின் கைடுகளின் நிறத்தையும் பாருங்கள். அடர்பழுப்பாகி விரிசல் தெரிந்தால் அதையும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1995 வரையிலான எம்119-இல் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் கேப், இரண்டு ரோட்டார் உண்டு. மழை நாளில் மட்டும் மிஸ்ஃபயர் ஆனால், கேப்புக்குள் ஈரம் கோத்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எம்104-இல் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பின் வலது மூலையில் ஆயில் ஒழுகும், முன்பக்க டைமிங் கவரின் மேல் சீலும் ஒழுகும். முன் கவர் ஒழுகலை வீட்டில் செய்யலாம். ஹெட் கேஸ்கெட் ஆயில் மட்டும் லேசாகக் கசிந்தால் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம். கூலண்ட் குறைந்தாலோ ஆயில் மூடிக்கு அடியில் பால் போன்ற நுரை தெரிந்தாலோ தள்ளிப்போட முடியாது.

எம்112, எம்113 எஞ்சின்கள் இவற்றைவிடச் சாதுவானவை. சூடாக இருக்கும்போது நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் ஷாஃப்ட் சென்சார். எஞ்சினின் பின்புறத்தில் ஒரே ஒரு ஈ8 டார்க்ஸ் போல்ட். வால்வ் கவர் மேலிருக்கும் பிரீதர் மூடிகள் ஆயில் கசிந்தால் எடுத்துச் சுத்தம் செய்து, எஞ்சின் சிலிக்கான் வைத்து ஒட்டுங்கள். கிராங்க் புல்லியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லி ஆடி ஓடினால் உடனே மாற்ற வேண்டும். பிளக் மாற்றும்போது ஒரு சிலிண்டருக்கு இரண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். வி8-க்கு 16.

கூலண்டுக்கு மெர்சிடிஸ் 325.0 தரம், காய்ச்சி வடித்த தண்ணீருடன் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் ரேடியேட்டரில் உப்பைப் படியவைக்கும். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

கியர்பாக்ஸ்

1996 முதல் வந்த 722.6 ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் ‘வாழ்நாள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்’ என்ற பெயரோடு வந்தது. நம்பாதீர்கள். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஆயில் 236.14 தரம், பழைய 236.10-க்குப் பதிலாகப் பயன்படும்.

இதன் பலவீனம் வலது பக்கத்தில் உள்ள மின் இணைப்புப் பிளக். அதிலுள்ள இரண்டு ஓ-ரிங் காய்ந்ததும் ஆயில் கசிந்து, வயருக்குள் ஊறி மேலேறும். கட்டுப்பாட்டுக் கணினியின் சாக்கெட் வரை போய் அதையும் நனைத்துவிடும். பிறகு கியர் மாறாமல் இரண்டாவதிலேயே மாட்டிக்கொள்ளும். பாகம் மிக மலிவு. ஒழுகாவிட்டாலும் ஆயில் மாற்றும்போதே இதை மாற்றிவிடுங்கள்.

1. வண்டியை நான்கு ஸ்டாண்டில் சமமாக நிறுத்தி, ஆயிலை அளவுக் குடுவையில் வடியுங்கள். எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள்.
2. பிளக்கின் வளையத்தைத் திருப்பி வயரை இழுங்கள். உள்ளே நடுவில் 7 மி.மீ. போல்ட். அதை எடுத்தால் அடாப்டர் நேராக வெளியே வரும்.
3. புது அடாப்டரின் ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி உள்ளே தள்ளுங்கள். போல்ட்டுக்கு 2.5 நியூட்டன் மீட்டர் மட்டுமே.
4. ஃபில்டரையும் பேன் (கியர்பாக்ஸின் ஆயில் தட்டு) கேஸ்கெட்டையும் மாற்றி, பேன் போல்ட்களை 8 நியூட்டன் மீட்டரில் எதிரெதிராக முறுக்குங்கள்.
5. வடிந்த அளவு புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு எல்லா நிலைகளுக்கும் லீவரை ஒருமுறை நகர்த்துங்கள். இதில் நிரந்தர டிப்ஸ்டிக் கிடையாது. தனியாக வாங்கிய அளவுகோலை வைத்து, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது இறுதி அளவைப் பாருங்கள். குளிரில் பார்த்து நிரப்பினால் அதிகமாகிவிடும்.

கணினியின் சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். ஆயில் தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வயருக்குள் ஊறியது மெதுவாகத்தான் வந்து தீரும்.

சஸ்பென்ஷன், டயர்

முன்பக்கக் கீழ் ஆர்ம் புஷ்களையும் பால் ஜாயின்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கியபின் கொடுங்கள். தொங்கவிட்ட நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கேறிய நிலையில் பூட்டப்பட்டு, சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். முன் ஸ்பிரிங்கைக் கழற்ற உள்ளே நுழையும் தனி கம்ப்ரசர் வேண்டும். வெளியே மாட்டும் சாதாரணக் கொக்கியை வைத்து முயற்சிக்காதீர்கள். அந்த ஒரு வேலையை மட்டும் கருவி உள்ளவரிடம் விடுவது கௌரவக் குறைவல்ல.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் பத்து வயது டயரில் இந்த வண்டியை ஓட்டக் கூடாது.

துணியும் ஜன்னலும்

டாப்பை வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ், லேசான சோப்பு கொண்டு நெசவின் திசையில் தேயுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் தையலுக்குள் புகும். முழுதாகக் காய்ந்தபின் துணிக்கூரைக்கான நீர்விலக்கி அடியுங்கள். ஈரமாக மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாசம் வரும்.

பின் ஜன்னல் பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள், தூசியே உப்புத்தாள் போலக் கீறும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு மைக்ரோஃபைபர். லேசான மஞ்சள் பிளாஸ்டிக் பாலிஷில் போகும். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது மடித்தால் மடிப்பில் விரிசல் விழும். வண்டியை வெயிலில் சற்று நிறுத்தி இளகவைத்து மடியுங்கள். ரப்பர் பட்டைகளுக்கு சிலிக்கான் அல்லது ரப்பருக்கென்றே உள்ள மருந்து. வாசலைனோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதும்.

பல வாரம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டாப்பை மூடிய நிலையிலேயே விடுங்கள். மடித்தே வைத்தால் துணி சுருங்கி, மறுபடி மூடும்போது முன் பூட்டு எட்டாது. பேட்டரிக்கு ஒரு மெயின்டெய்னர் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓட்டி, டாப்பை ஒரு தடவை திறந்து மூடுங்கள். அப்போது சீல்களில் ஆயில் பட்டுக்கொண்டே இருக்கும்.